துர்க்காவின் கொம்பியூட்டர்

கிருபனுக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு எதிரிதான்: வெக்கை. வருசத்தில் பாதி நாள் மூக்கு விறைக்கிற குளிர்நாட்டில் இருந்துகொண்டு இது என்ன கதை என்று சிநேகிதர்கள் நக்கலடிப்பார்கள். அவன் அசையமாட்டான். "கொம்பியூட்டரைக் கொல்லுறது வைரஸ் இல்லையடா, வெக்கை" என்பான். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் வேலை. சனி, ஞாயிறில் தெரிந்தவர்களுக்குப் பாகங்களை வாங்கிக் கொம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பான். தான் பூட்டினது ஒன்றும் பழுதென்று திரும்பி வந்ததில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொண்ணூற்றேழாம் ஆண்டு பனிக்காலத்தில் துர்க்கா யாழ்ப்பாணத்திலிருந்து அவனுடைய பார்க்டேல் அப்பார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தாள். பேசிச் செய்த கலியாணம். படத்திலும் தொலைபேசியிலும் பழகினதுதான். எதைக் கேட்டாலும் ஓம், இல்லை என்பதோடு சரி. அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாகவே, "கொம்பியூட்டர் கிளாசுக்குப் போகட்டே?" என்று கேட்டதும் மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்கென்று பூட்டினது சாதாரணப் பெட்டியா? இருந்ததிலேயே பெரிய டவர் கேஸ். முன்னால் ஒரு ஃபான் குளிர்காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்று சூட்டை வெளியே தள்ளும். காற்றுக்குக் குறுக்கே ஒரு வயரும் நிற்கக்கூடாதென்று எல்லாவற்றையும் ஓரமாக இழுத்துக் கட்டினான். பின்பக்கக் கம்பிவலையில் ஒரு ரிஷூக் கடதாசித் துண்டைப் பிடித்தான். அது படபடவென்று அடித்தது.

"பாத்தீரே, எப்பிடி மூச்சு விடுது!"

துர்க்கா முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பெட்டி பூட்டலாம் போலிருந்தது அவனுக்கு.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கிளாசில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது எல்லாம் சொன்னாள். ஆனால் பெட்டி சதி செய்தது. பகலில் அவள் பழகிக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்துபோகும். இரவில் கிருபன் வந்து பார்த்தால் நல்ல பிள்ளையாக ஓடும். மெமரியை மாற்றினான். பவர் சப்ளையை மாற்றினான். கடைசியில் இன்னொரு ஃபானும் பூட்டினான். சிநேகிதன் பஸ்ரியன் வந்து இரைச்சலைக் கேட்டுவிட்டு, "உதென்னடா, பியர்சன் எயார்போட்டே?" என்றான்.

அப்போதும் பெட்டி உறைந்து நின்றது. துர்க்கா மறுபடியும் ஓம், இல்லைக்குப் போய்விட்டாள். ஒருநாள் கோப்பை கழுவிக்கொண்டே, "என்ரை கைதான் சரியில்லை. கிளாசை விடப்போறன்" என்றாள். கிருபனுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி போனால் போகட்டும். இவள் திரும்பவும் வாயை மூடிக்கொண்டால் அவன் எதைக் கழற்றி எதைப் பூட்டுவான்?

அந்தக் கிழமையே பனி கொட்டி, வேர்ஹவுசை நேரத்தோடு மூடினார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்தவன் வாசலில் திகைத்து நின்றான். கொம்பியூட்டர் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. துர்க்கா ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பூ வேலை செய்த துணியில் அளவெடுத்துத் தைத்து, பின்னுக்குப் பொத்தானும் வைத்த சட்டை. முன்னால் பவர் பட்டனுக்கு மட்டும் ஒரு வாய். உள்ளே மூன்று ஃபானும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தான், தோசைக்கல்தான்.

கிருபனுக்குச் சிரிப்பு வெடித்தது. பிழை தன்னுடையதில்லை என்ற நிம்மதிச் சிரிப்பு. திரைக்கு முன்னால் இருந்த துர்க்காவின் முகம் சுருங்கினதை அவன் பிந்தித்தான் கண்டான்.

"தூசு படாதெண்டோ மூடினனீர்? நான் இதை ஒருநாளும் காணேல்லையே?"

"நீங்கள் வந்த உடனை திறந்து நோண்டுவியள், அதுதான் வாறதுக்கு முந்திக் கழட்டி வைக்கிறனான்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "இஞ்சை கட்டில், கதிரை, ரீவி எல்லாம் நான் வாறதுக்கு முந்தியே இருந்தது. எனக்கெண்டு வந்தது உது ஒண்டுதான். என்ரை பொருளுக்கு நான் ஒண்டும் செய்யக்கூடாதோ?"

அவனுக்குச் சிரித்த வாய் கசந்தது. ஆறுதலாக அவள் பக்கத்தில் வந்து இருந்தான்.

"வடிவாத்தான் தைச்சிருக்கிறீர். ஓடேக்கை மட்டும் கழட்டிவிடும். அதுக்கு வேர்க்குது."

"அப்ப நான் பழுதாக்கேல்லையோ?"

"இல்லையப்பா. அதுக்கு மூச்சுவிடக் காத்துக் காணாமல் போச்சு, அவ்வளவுதான்."

துர்க்கா எழும்பிப்போய்ப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கிருபன் பார்த்துக்கொண்டே இருந்தான். மனம் கேட்கவில்லை.

"உமக்கெண்டு உது ஒண்டுதானோ? அப்ப நான்?"

அவள் திரும்பி, அவனை உச்சியிலிருந்து பாதம்வரை தையற்காரி மாதிரி அளந்து பார்த்தாள்.

"உங்களுக்குத் தைக்கிறதெண்டால் நான் கொண்டந்த துணி காணாது."