வெளிச்சுவர்

இது அக்கா எழுதிய ஏழு இல்லை. ஏழின் வயிற்றில் குறுக்குக்கோடு போடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்தக் கோட்டின் நுனியை மேல்நோக்கிச் சுழித்துவிடுகிறவர்களும் இருப்பார்கள். இருக்கத்தான் வேண்டும்.

ஐந்து டியூப்களையும் தாங்கியில் வைத்துவிட்டு அவள் கையுறையைக் கழற்றினாள். லேபிள்களில் நோயாளி எண், ஆணா பெண்ணா, வயது, தேதி. ஐந்தும் ஏழாம் மாதத் தேதிகள். வெவ்வேறு நாட்களில் நடந்த அறுவை சிகிச்சைகள், ஒரே பேனா, ஒரே ஊதா மை.

அந்த ஆய்வகத்துக்கு வருபவை மனிதர்களின் ஈரலிலிருந்து எடுத்த நீர்க்கட்டிகள். நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டை, புல்லில் விழுந்து ஆட்டுக்கோ மாட்டுக்கோ போகும். கை கழுவாத மனிதனுக்கும் போகும். போன இடத்தில் பந்து மாதிரி வளரும். எந்தக் கட்டி ஆடு வழி வரும் வகை, எது மாடு வழி வரும் வகை என்று மரபணுவைப் படித்துச் சொல்வது அவள் வேலை. முப்பது மாதிரிகளில் ஆறு மாட்டு வகையாக வந்தன. அதுகூடப் பரவாயில்லை. ஆறிலும் மரபணுவின் ஒரே இடத்தில், இதுவரை யாரும் பதிவு செய்யாதபடி, ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஆறில் ஐந்துதான் ஊதா மை டியூப்கள். ஆறாவது, இருபத்துமூன்றாம் எண், வழக்கமான கோழிக்கிறுக்கலில்.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஒரு டியூபின் துளி இன்னொன்றில் தெறித்திருக்கலாம். மேஜையைத் துடைத்து, கரைசல்களைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து, இரண்டு முறை திரும்பச் செய்தாள். அதே எழுத்து. அவளுடைய கை சுத்தமாக இருந்தது. அதில் நிம்மதி வரவில்லை. தவறு தன்னுடையதாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம் என்று தோன்றியது.

துறைத்தலைவிக்கோ ஒரே சந்தோஷம். "அஞ்சுல ஒண்ணு மாட்டு வகையா! யாரும்மா எதிர்பார்த்தா?" என்றார். "வியாழக்கிழமை கூட்டத்துல இதைத்தான் காட்டப்போறேன். தடுப்பூசி முதல்ல எந்தக் கால்நடைக்குன்னு அன்னைக்கே முடிவு பண்ணிடுவாங்க. நீ கையெழுத்துப் போட்டுக் குடு."

மாட்டுக்கு என்று முடிவானால் ஆடுகள் இரண்டு வருஷம் காத்திருக்கும். ஆட்டுப்பட்டிகளுக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கட்டிக்கு இரண்டு சுவர் உண்டு. உள்சுவர் புழு கட்டுவது. வெளிச்சுவர், வந்தவனை ஒதுக்கி வைக்க மனித உடம்பு கட்டுவது. அவள் உள்சுவரைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, வெளிச்சுவரை ஒரு தனிப் பெட்டியில் போட்டு வைப்பாள். மற்றவர்கள் குப்பையில் போடுவதை இவள் சேர்க்கிறாள் என்று ஆய்வகத்தில் கேலி உண்டு. அன்று அந்த ஆறு துண்டுகளையும் எடுத்து, அவற்றின் மனித மரபணுவில் ஆணா பெண்ணா என்பதை மட்டும் பார்த்தாள். ஆறும் பெண். லேபிளின்படி அதில் இரண்டு பேர் ஆண்கள், ஐம்பத்திரண்டு வயது, முப்பது வயது.

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் ஏன் திரையை அணைத்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

"புழு டாக்டர் இருக்கீங்களா?" ஐஸ் பெட்டியோடு அத்தான் வந்தார். அக்காவின் கணவர், ஆஸ்பத்திரி அறுவை அரங்கில் உதவியாளர். கட்டிகளை வாங்கி ஆல்கஹாலில் போட்டு இங்கே கொண்டுவருவது ஒன்பது மாதமாக அவர் பொறுப்பு. இந்தப் பொறுப்பைச் சரியாக முடித்தால் வேலை நிரந்தரம் என்று ஆஸ்பத்திரி சொல்லியிருந்தது. "என்ன மச்சினி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? புழு ஏதும் பேசிச்சா?"

"பேசிச்சு அத்தான். இந்த அஞ்சும் இருபத்துமூணாம் நம்பர் அம்மாவோடதாம்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"புழுவுக்கு எப்படிம்மா தெரியும் அது யாரு வயித்துல இருந்துச்சுன்னு?"

"புழுவுக்குத் தெரியாது. வெளித்தோலு அந்த ஆளோடது."

"தோலு ஆளோடதா?" உண்மையிலேயே திகைத்துப்போனார். "கட்டி முழுக்கப் புழுதானேன்னு நெனச்சேன். புழு புழுதானே, அதுல ஆளு எங்க இருக்கு?"

பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். அறுவை அரங்கில் வெட்டி எடுப்பது எதுவானாலும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடுவதுதான் இருபது வருஷப் பழக்கம். இங்கே ஆல்கஹால் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், ஏழாம் மாதம் கை தன் பாட்டுக்கு ஃபார்மலினில் போட்டுவிட்டது. ஃபார்மலினில் விழுந்தால் மரபணு நைந்துபோகும் என்று ஞாபகம் வந்தபோது ஐந்து கட்டிகள் வீணாகியிருந்தன. இருபத்துமூன்றாம் எண் கட்டி பெரியது. அதை நறுக்கி ஐந்து டியூப்களில் போட்டுவிட்டார்.

"எல்லாருக்கும் ஒரே புழுதானே வரப்போகுது, இதுல என்ன இருக்குன்னு..." என்று இழுத்தார். "இதைப் பெரிசு பண்ணாதம்மா."

லேபிளை யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

பதில் மறுநாள் மதியம் தானே நடந்து வந்தது. இந்த ஆய்வகத்தில் அவள் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத அக்கா, சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள்.

"எளைச்சுட்டடி. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

"அத்தான் சொல்லி வந்தியா?"

"ஏன், என் தங்கச்சியைப் பாக்க நான் யாரையாவது கேட்டுட்டு வரணுமா?" டப்பாவைத் திறந்தாள். தங்கைக்குப் பிடித்ததாகவே பார்த்துச் செய்திருந்தாள். அப்படிப் பார்த்துச் செய்ததைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை. பாசத்தையும் இப்படி உரசிப் பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோமே என்று கூசியது. கூசியபோதும் பார்த்தாள்.

"அந்த அஞ்சு லேபிள் நீ எழுதினதா?"

"அவரு எழுத்து யாருக்குப் புரியும்? பழைய லேபிள் அழிஞ்சுபோச்சு, எழுதித் தான்னாரு. எழுதினேன்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"நம்பர் எழுதினேன்டி. அவ்வளவுதான்." அக்கா டப்பாவின் மூடியைப் பார்த்தபடி சொன்னாள். அக்கா பொய் சொல்லும்போது எப்படி இருப்பாள் என்று தனக்குத் தெரியும் என்றுதான் தங்கை இவ்வளவு நாள் நினைத்திருந்தாள்.

"முப்பதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாதுக்கா. இருபத்தஞ்சுதான். இருபத்தஞ்சுல மாட்டு வகை ஒண்ணே ஒண்ணு."

அக்கா வாதாடவில்லை. அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"சரி, அப்போ இருபத்தஞ்சுன்னே போடு. மீதி அஞ்சும் உன் கையில கெட்டுப்போச்சுன்னு எழுதிடு. ஃப்ரீஸர் நின்னுபோச்சு, அந்த மாதிரி. உன்னை யாரு என்ன சொல்லப்போறா? நீ நிரந்தரம். அவருக்கு இது ஒண்ணுதான்டி. போச்சுன்னா வீட்டுல உக்காந்திருவாரு. நான் எப்படிச் சமாளிப்பேன்?"

ஃப்ரீஸர் என்ற வார்த்தை அக்கா வாயில் தடங்கலில்லாமல் வந்தது. யார் சொல்லிக்கொடுத்தது? அத்தானா? வரும் வழியில் பஸ்ஸில் தானே யோசித்ததா? நேற்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை? சந்தேகம் ஓரிடத்தில் நிற்காமல், சின்ன வயதில் இருவரும் ஒரே போர்வையில் படுத்துப் பேசியவற்றின் மேலும் ஊர்ந்து போனது. அதை அங்கே போகவிடாமல் நிறுத்த அவளுக்கு ஏதாவது ஒன்று உறுதியாகத் தேவைப்பட்டது.

அறிக்கைத் தாள் மேஜைமேல் இருந்தது. 'நீக்கப்பட்ட மாதிரிகள், காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அக்கா பேனாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

அவள் பேனாவை வாங்கினாள். ஐந்து எண்களை எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ஆஸ்பத்திரியில் ஃபார்மலினில் வீணானவை, பதிலுக்கு இருபத்துமூன்றாம் எண் கட்டியின் துண்டுகள் வைக்கப்பட்டன என்று எழுதினாள். தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்த அக்காவின் விரல் தாளின் ஓரத்தைத் தொட்டது.

"எனக்காகடி."

"இல்லக்கா," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அக்காவுக்குக் கேட்டது.