நூற்று முப்பத்தெட்டு

அச்சக மெஷின்காரர் அன்று காலை விசில் அடித்துக்கொண்டே சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். குளிர்காலம் ஒருவழியாக முடிந்திருந்தது. பயிற்சியாளர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, இதயத் துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டாமல் நான்கு மாதம் மெதுவாக மிதித்ததற்குச் சைக்கிள் குழுவில் அவருக்குக் கிடைத்த ஒரே பரிசு, 'நத்தை' என்ற பட்டப்பெயர். நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற மனிதருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

"இனிமேதான் வேகம். ஆனா வாரத்துக்கு ஒரு நாள், மூணு மூணு நிமிஷமா நாலு தடவை. அவ்வளவுதான்" என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ அந்த வாரமே நான்கு நாள் உயிரைக் கொடுத்து மிதித்தார். தூக்கம் கெட்டது. கால் கெஞ்சியது. முந்தின நாளிலிருந்து லேசான காய்ச்சல் வேறு.

"உடம்பு கொதிக்குது. இன்னிக்குப் போக வேணாங்க" என்றாள் மனைவி.

"நாலு மாசம் நத்தையா இருந்தது போதும். இன்னிக்கு மேட்டுல அவனுங்க வாயை அடைச்சிட்டு வர்றேன் பாரு."

காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினார். வீம்புக்கு மருந்து ஏது?

மேட்டுச் சாலையில் இளவட்டங்கள் சீறின. இவரும் விடாமல் ஒட்டிக்கொண்டார். நண்பரான முடிதிருத்துபவர் அலட்டிக்கொள்ளாமல் பக்கத்திலேயே வந்தார். பாதி மேட்டில் நெஞ்சை யாரோ பிசைவது போலிருந்தது. பயந்துபோய்க் கைப்பிடியிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். துடிப்பு நூற்று முப்பத்தெட்டு. 'இவ்வளவுதானா! நான்தான் சும்மா பயந்து சாகிறேன்' என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னும் அழுத்தினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. எண் அசையவில்லை. அடுத்த நொடி சாலையோரப் புல்லில் கிடந்தார்.

மருத்துவமனையில், துடிப்பு எவ்வளவு இருந்தது என்று மருத்துவர் கேட்டார். கூட வந்த முடிதிருத்துபவர், சைக்கிளிலிருந்து கழற்றி வந்த திரையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே, இது உங்க துடிப்பே இல்ல. போன வாரம் துடிப்பை அளக்கிற உங்க நெஞ்சுப் பட்டை பழுதுன்னு என்னோடதை இரவல் வாங்கி இதுல சேர்த்தீங்கல்ல? புதுசு வாங்கி என்னோடதைத் திருப்பிக் கொடுத்ததும் இதுல மாத்த மறந்துட்டீங்க. நான் கட்டியிருக்கிற பட்டையைத்தான் இது இன்னும் காட்டுது."

முடிதிருத்துபவர் தன் நெஞ்சிலிருந்து கழற்ற மறந்திருந்த பட்டையின் எண், பதற்றத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் ஏறிக்கொண்டிருந்தது.

"காய்ச்சலோட மிதிச்சதுல இதயத் தசை வீங்கியிருக்கு. மூணு மாசம் சைக்கிளைத் தொடக்கூடாது. பிழைச்சதே பெரிசு" என்றார் மருத்துவர்.

செய்தி கேட்டு ஓடிவந்த மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"வலிச்சது உங்க நெஞ்சு. அதைக் கேக்காம ஒரு எண்ணைக் கேட்டீங்களே. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா பிள்ளைங்ககிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

அவருக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துக் கைபேசி ஒலித்தது. முன்னால் போய்விட்ட கூட்டத்திலிருந்து ஒரு குரல் செய்தி: "எங்க நத்தையண்ணே, ஆளைக் காணோம்? பயந்து திரும்பிட்டீங்களா?" பின்னால் பலர் சிரித்தார்கள்.

அவர் கைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

"ஆமா தம்பி, பயந்துதான் போனேன். உங்க சிரிப்புக்குப் பயந்து, என் உடம்பு கத்தினதைக் காதுல வாங்கல. இப்போ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பேசறேன். அடுத்தவங்க வேகத்துக்கு நம்ம உடம்பை ஓட்டக்கூடாதுப்பா. உங்கள்ல எவனாவது உடம்பு முடியலன்னு நின்னா, அவனைப் பார்த்துச் சிரிக்காதீங்க. சிரிச்சே ஒருத்தனைக் கொன்னுடலாம்."