துடைக்காத கேன்வாஸ்

ராஜபாளையத்தில் ஞானதுரையின் எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் சேர்ந்த அன்று அவர் என்னிடம் கொடுத்தது ஒரு ஃபிளாப்பியும் ஜெராக்ஸ் எடுத்த ஒரு மானுவலும். ஃபிளாப்பிக்குள் ஒரு கிராபிக்ஸ் லைப்ரரி. சின்ன எல்.சி.டி. திரைகளில் எழுத்தும் பட்டனும் படமும் போடுவதற்கு யாரோ எழுதி வைத்தது. அது தொண்ணூற்றைந்தாம் வருடம். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த மானுவலைப் படித்த மாதிரி எந்தப் பரீட்சைக்கும் நான் படித்ததில்லை.

நாங்கள் செய்தது நூல் மில்லுக்கான ஒரு டப்பா. நூல் நூற்கும் ரிங் பிரேமில் இழை அறுந்தால் திரையில் கோடு விழ வேண்டும். அதற்கு லைப்ரரியில் கேன்வாஸ் என்று ஒன்று இருந்தது. நம் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ளும் வெற்றுப் பலகை. அதற்கான மெமரியை நாம்தான் ஒதுக்கித் தர வேண்டும். குறுக்கே 240 புள்ளி, உயரம் 64, புள்ளிக்கு ஒரு பிட், ஆக 1920 பைட். ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் எட்டு மணி நேர ஷிப்ட் ஒன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் அதில் உட்காரும். அந்தக் கணக்கு பொருந்திய அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

மானுவலில் ஓர் எச்சரிக்கை இருந்தது. கேன்வாஸில் வரைந்தது தானாகப் போகாது, புதிதாக வரையும் முன் நீங்கள்தான் வெறுமையாக்கிக்கொள்ள வேண்டும். அதனால் ஆள் மாறும்போது ஷிப்ட் பட்டனை அமுக்கியதும் கேன்வாஸைத் துடைக்க ஒரு வரி எழுதினேன்.

அந்த வரிதான் ஞானதுரைக்கு ஆகவில்லை. டப்பா வாங்க வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டு, இரண்டு மணி வாக்கில் முதல் டப்பா மாட்டியிருந்த மில்லுக்குக் கூட்டிப் போவார். அப்போதுதான் ஷிப்ட் மாறியிருக்கும். திரையில் ஒன்றும் இருக்காது.

"வெறும் பலகையப் பாத்து யாரு வாங்குவா? அந்தத் தொடைக்கிற வரிய எடுத்துரு மாஜிதா."

"எடுத்தா பழைய ஷிப்ட்டு கோடு அப்படியே நிக்கும் சார். அதுக்கு மேலயே புதுசும் விழும்."

"நிக்கட்டுமே. நாலு மில்லுக்கு வித்த பொறவு சேத்துக்கலாம்."

"ஓரத்துல எத்தன அறுந்துச்சுன்னு நம்பராவது காட்டலாமே சார்."

"நம்பர யாரு படிப்பா. படந்தான் விக்கும்."

எடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஒயர் மாற்ற அதே மில்லுக்குப் போனேன். வாசலில் சுடலைமாடத்தி நின்றிருந்தாள். வன்னியம்பட்டியிலிருந்து வருகிற சைடர். பிரேமின் ஒரு பக்கம் முழுக்க அவள் பொறுப்பு, இழை அறுந்தால் ஓடி ஒட்ட வேண்டும். கையில் ஒரு மெமோ.

"ஏட்டி, நீ அந்த டப்பா கம்பெனிதான? ரெண்டு வாரமா ரெண்டாம் ஷிப்ட்டு பாக்கேன், அப்பருந்துதான் டப்பாவப் பாத்துக் கணக்கு எழுதுதாக. காலம்பற ஆளவிட எனக்கு ரெட்டப் பங்கு இழ அறுதுன்னு உங்க டப்பா சொல்லுதாம். பதினோரு வருசம் சைடு பாத்தவ நான். நாளைக்கு விசாரணையாம். வீட்டுக்கு அனுப்பப் போறாகளாம்."

மின்வெட்டால் அந்த மில்லில் இரண்டே ஷிப்ட். இரவு மெயினை அணைத்துவிடுவார்கள், காலையில் போடும்போது மட்டும் திரை காலியாகும். அதனால் முதல் ஷிப்ட்காரன் எப்போதும் சுத்தம். அவன் பக்கத்தில் அறுந்ததெல்லாம் இரண்டு மணிக்குப் பிறகு இவள் தலையில்.

பட்டறைக்குத் திரும்பி ஞானதுரையிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இப்பப் போய்ச் சொன்னா ஆர்டர் போயிரும். ஊர்ல மில்லுக்கா பஞ்சம்? அந்தப் பொம்பள வேற எடம் பாத்துக்கிடும்."

அவர் சாப்பிடப் போன நேரத்தில், துடைக்கும் வரியைத் திரும்பச் சேர்த்து, அறுந்த எண்ணிக்கையும் காட்டும்படி எழுதி, புது ஈப்ராம் ஒன்றில் புரோகிராமை ஏற்றினேன். கட்டைவிரல் அளவு சிப். பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு விசாரணை, பிரேம் பக்கத்திலேயே. மேனேஜர் சுந்தரபாண்டியன், சூப்பர்வைசர் சோலைராஜ். டப்பாவுக்குச் சாட்சியாக ஞானதுரை. என்னை யாரும் அழைக்கவில்லை. போனேன்.

"சார், பிரேம நிப்பாட்டச் சொல்லுங்க," என்றேன் மேனேஜரிடம். "இப்ப ஷிப்ட் பட்டன அமுக்கச் சொல்லுங்க."

சோலைராஜ் அமுக்கினார். திரையில் கோடுகள் மலைபோல் நின்றன.

"பிரேம் ஓடல. அக்கா இன்னும் கையே வைக்கல. இது யாரு அறுத்தது?"

சோலைராஜ் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "காலை ஷிப்ட்டுல நம்ம சமுத்திரம் பாத்த சைடு."

"அந்தக் கோட்டோட சேத்துத்தான ரெண்டு வாரமா அக்கா கணக்க எழுதுனீங்க?"

"படத்தப் பாத்துத்தான எழுத முடியும்," என்றார் அவர்.

ஞானதுரை சிரித்தார். "சின்னப் பிள்ள, புதுசு. புரோகிராம்ல தப்பு விட்டுருச்சு. நான் சரி பண்ணிருதேன் சார்."

"தப்பு விடல. சரியாத்தான் எழுதியிருந்தேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால தொடைக்கிற வரிய நீங்க எடுக்கச் சொன்னீங்க, நான் எடுத்தேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சேவா எடுத்த?"

"தெரிஞ்சேதான் சார்."

"நாளையிலருந்து பட்டறைப் பக்கம் வராத," என்றார் ஞானதுரை.

"சரி," என்று சொல்லிவிட்டு டப்பாவை அணைத்துத் திறந்தேன். பழைய சிப்பைப் பிடுங்கி அவர் கையில் வைத்தேன். புதியதைச் செருகி டப்பாவைப் போட்டேன். திரை வெறுமையாக வந்தது, ஓரத்தில் ஒரு பூஜ்யத்தோடு. மேனேஜர் மெமோவைச் சுடலைமாடத்தியிடமிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பிரேம் ஓடத் தொடங்கியது.

சுடலைமாடத்தி என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

"நேத்து வாசல்ல நான் சொல்லும்போதே ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்க்கா."

"ரெண்டு மாசமாத் தெரியும்."

"ஆமாக்கா."

திரையில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. பூஜ்யம் ஒன்றானது. அவள் அதைப் பார்க்கவில்லை, பிரேமைப் பார்த்தாள்.

"வழிய விடு," என்றாள். "இழ அறுந்து கெடக்கு."