ஊமைமலைக்குப் பெயர் வந்த பழி

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் இந்நேரத்தில், அன்புடையீர், இந்த மலையைச் சற்றே அண்ணாந்து பாருங்கள். தோளிலிருந்து முகில் இறங்க, பாறைமுகப்பில் பழைய உளித்தடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய்த் தெரிய, அடியிலே சுனைநீர் கசிந்தோட, அதனைச் சுற்றிக் கற்சுவர் வீடுகள் நெருங்கி நிற்க, ஓசையற்றுக் கிடக்கிறதே, இதற்கு ஊமைமலை என்று பெயர். பச்சைப் பொய்! இந்த மலை ஒருநாளும் ஊமையாய் இருந்ததில்லை. பேசவேண்டிய மனிதர் வாயை மூடிக்கொண்டு, பழியைத் தூக்கி மலையின் தலையில் போட்டார்கள்.

காய்ந்த நிலத்தைவிட்டுச் சுனை தேடி வந்த சில குடிகள் இங்கே கல் பிளந்து வீடு கட்டி வாழ்ந்தார்கள். பாறையில் வரிசையாய்த் துளையிட்டு, உலர்ந்த மர ஆப்புகளை இறுக அடித்து, அவற்றின்மேல் நீர் வார்ப்பார்கள். மரம் ஊறிப் பருத்துப் பாறையை நெட்டித் தள்ளும். பிளப்பதற்குச் சற்றுமுன் கல்லினுள்ளே நூல் அறுந்தாற்போல் ஓர் ஒலி எழும். அதைக் கேட்டுக் கூவுவதற்கென்றே ஒருவர் மேலே பாறையில் காது வைத்து நிற்பார். அவரைக் காவற்செவி என்றார்கள். கீழே வேலை செய்வோர் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நம்பவில்லை என்று பொருளாகும். ஒரு குரலை மட்டும் நம்பி முதுகு காட்டி நிற்பார்கள்.

சுனையை முதலில் கண்டவன், குடித்தலைவனின் தம்பி. ஆகவே சுனையோரத்து நிலம் அவனுக்கே என்று குடிகள் கூடி ஒப்பினார்கள். அண்ணனுக்கு வயிறு எரிந்தது. அந்த அண்ணனே காவற்செவியாயும் நின்றான். ஒருநாள் காலை, தம்பி கீழே நீர் வார்த்துக்கொண்டிருக்க, நிறைசூலியான அவன் மனைவி கஞ்சிக் கலயத்தோடு மேட்டுவழியே இறங்கி வந்தாள். அண்ணன் பாறையிலிருந்து காதை வெடுக்கென்று எடுத்ததைக் கண்டாள். தன் கால்களை மட்டும் பையப் பின்னுக்கு வைத்ததையும் கண்டாள். அவன் வாய் திறக்கவில்லை. இவள் கத்துவதற்குள் பாறை விழுந்துவிட்டது.

"கல்லு சொல்லவே இல்லையேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான் அண்ணன். படுபாவி, நன்றாகத்தான் அழுதான்! ஊரே நம்பியது. தலைவனை எதிர்த்துத் தன் பேச்சு எடுபடாது என்று உணர்ந்த அவள், கண்டதை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டாள்.

ஆண்டுகள் உருண்டன. உறுத்தலோ அன்போ, அண்ணன் தம்பி மகனைத் தோளில் தூக்கி வளர்த்தான். தன் காது மங்கியதும், ஊரிலேயே கூரிய செவி அவளுக்குத்தான் என்று அவளையே காவற்செவியாய் நிறுத்தினான். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தானே, அதுதான் அவன் செய்த பிழை! நாள்தோறும் அவள் தவறாமல் கூவினாள். எத்தனையோ உயிர்களைக் காத்தாள். ஆனால் அவள் காத்துக்கிடந்தது ஒரே ஒரு முதுகுக்காக. புதுவீட்டு வாயிற்படிக் கல்லுக்கு வீட்டுக்குரியவனே நின்று கடைசிக் குடம் வார்க்கவேண்டும் என்பது அக்குடிகளின் வழக்கம். அண்ணன் புதுவீடு கட்டத் தொடங்கினான்.

அன்றும் இதே விடியல்தான். அவன் குடத்தோடு கீழே நின்றான். கல்லினுள்ளே நூல் அறுந்தது. அவள் காதை எடுத்தாள், காலைப் பின்வைத்தாள். என்ன தோன்றியதோ, அவன் வழக்கத்தை மீறித் திரும்பிப் பார்த்தான்.

"என்னம்மா, பின்னால போற? கல்லு ஏதாச்சும் சொல்லுச்சா?"

"கல்லு சொல்லவே இல்ல அத்தான்," என்றாள் அவள், காது மங்கியவனுக்கும் கேட்கும்படி உரக்க.

அது தன் சொல் என்று அவனுக்குப் புரிந்தது. குடம் கைநழுவியது; பாறை விழுந்தது. அத்தனை ஆண்டுகளுக்குப் பின் அன்றைக்குத்தான் அவளுக்குக் கஞ்சி ருசித்தது.

எப்போது வாயடைத்துப்போகும் என்று தெரியாத கல்லை இனி எவன் நம்புவான் என்று வெகுண்ட குடிகள், இதற்கு ஊமைமலை என்று பெயரிட்டார்கள். காவற்செவி நிற்கும் வழக்கத்தையே விட்டொழித்தார்கள். சில திங்கள் கழித்து, அவள் மகன் கீழே ஆப்படித்துக்கொண்டிருக்க, அவள் பழைய பழக்கத்தில் குனிந்து பாறையில் காது வைத்தாள். உள்ளே நூல் அறுந்தது.

"டேய், ஓடுடா! கல்லு பேசுது!"

"போம்மா, உனக்கு வேற வேலையில்ல. ஊமைக் கல்லு என்னத்தப் பேசும்? பெரியப்பாவுக்கே சொல்லலியே!" என்று திரும்பாமலே சிரித்தான் மகன்.

"சொல்லுச்சுடா! அன்னைக்கும் சொல்லுச்சு! உங்கப்பனுக்கு அவன் சொல்லல, அவனுக்கு நான் சொல்லல! ஓடியாடா, என் சாமி!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பி, அவள் முகத்தைக் கண்டு, பாய்ந்து ஒதுங்கினான். அவன் நின்ற இடத்தில் பாறை விழுந்தது. புழுதியடங்க எழுந்து வந்தான்.

"என்னைத் தோள்ல தூக்கி வளத்த மனுஷன்மா அவரு," என்றான்.

அவள் வருந்தினாளா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. "எம்புருஷன் உயிருக்கு அவன் உயிர். மறுபடி வந்து நின்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றே கடைசிவரை சொன்னாள். மகன் அவளுக்கு விறகு கொணர்ந்தான், நீர் சுமந்தான், நோயுற்றபோது கால் பிடித்துவிட்டான். ஆனால் அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று அவள் கத்தியது ஊருக்கெல்லாம் கேட்டு, மலை ஊமையன்று என்று எல்லாரும் அறிந்த பின்னும் பெயர் மாறவில்லை. கல்லுக்குள் நூல் அறுவதைக் கேட்ட அந்தக் கூரிய செவி, தன் வீட்டுக்குள் "அம்மா" என்ற ஒரு குரலுக்காகச் சாகும்வரை காத்துக்கிடந்தது. அது கேட்கவேயில்லை.