இராயப்பனின் பதினொருவர்

சீனி முகம்மதின் முழங்காலுக்கு நான் துணி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பந்தாட்டச் சங்கச் செக்ரட்டரி பீட்டர் கூடாரத்துக்குள் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “இராயப்பா, கொஞ்சம் வெளியில வா” என்றார். கை வேலையாக இருக்கிறது, இங்கேயே சொல்லுங்கள் என்றேன்.

“நோன்புக்காரங்க நாலு பேரையும் எடுத்துடு. தண்ணிகூடக் குடிக்காம ஓடி, சுருண்டு விழுந்தானுங்கன்னா வெள்ளைக்காரன் முன்னால நம்ம மானம் போயிடும்லா.”

நால்வரும் காதில் விழாதது போல பூட்ஸ் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை அலைந்து, கண்ட கிளப் வாசலிலெல்லாம் நின்று, மலாயா இந்தியர் அணி என்று ஒன்றைச் சேர்த்தவன் நான். கோல் கீப்பர் ஷேக் அலாவுதீனை சூலியா தெரு சாப்பாட்டுக் கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தேன். தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்துகொண்டே நானும் இதே திடலில் ஆடியிருக்கிறேன். அன்றைக்கு இதே பீட்டர்தான் என் பக்தியை மெச்சிக் கைதட்டினார். என் ஒருசந்தி பக்தி, இவர்கள் நோன்பு மட்டும் பலவீனமா?

“இவங்கதான் ஆடுவாங்க. பிடிக்கலேன்னா என்னை எடுத்துடுங்க.”

“தோத்துப் பாரு, எடுத்துருவோம். அடுத்த மாசம் சயாமுக்கு வேற மேனேஜர் போவான்.”

அடுத்த மாதம் எங்கள் அணி சயாமுக்கு ஆடப் போகிறது. வேறொரு நாட்டுத் திடலில் என் பையன்களை இறக்கிவிட்டு ஓரத்தில் நிற்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

எதிரணி, துறைமுகத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரக் கப்பற்படை. துரைமார் தேநீர் குடித்து முடித்து ஆட்டம் தொடங்கவே வெயில் தாழ்ந்துவிட்டது. ஆளுக்கொரு கோலோடு ஆட்டம் சமனில் நிற்க, கூடுதல் நேரம் கொடுத்தார்கள். நோன்பு திறக்க இரண்டு நிமிடம் கேளுங்கள் என்று பீட்டரிடம் சொன்னேன். ஆட்டத்தில் மதத்தைக் கொண்டுவராதே என்றார் மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வைத்தால், பூசை நாள் என்று முதலில் குதிப்பவர் அவர்தான்.

கோட்டைப் பக்கமிருந்து நோன்பு திறக்கும் பீரங்கி வெடித்தது. பந்து அப்போதுதான் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. நான் தண்ணீர்க் கெட்டிலையும் பேரீச்சம்பழத் தட்டையும் தூக்கிக்கொண்டு நேராகத் திடலுக்குள் நடந்தேன். பின்னால் பீட்டர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். வெள்ளைக்கார நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். உடனே வெளியே போகாவிட்டால் உங்கள் அணி தோற்றதாக எழுதிவிடுவேன் என்றார். எழுதிக்கொள்ளுங்கள் துரை என்று அவருக்குப் புரியும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

பையன்கள் கோல் கம்பத்தருகே வந்து கூடினார்கள். நால்வர் புல்லில் உட்கார்ந்தார்கள். மற்ற ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார்கள். சீனி முகம்மது மட்டும் தம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு தயங்கினான்.

“அண்ணே, ஒரு வாய் தொண்டையை நனைச்சிட்டு ஓடிடறோம். உங்க சயாம் போயிடும்ணே.”

“போனா போவுது. உக்காந்து குடிடா.”

நடு வட்டத்தில் கப்பற்படைக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் விசிலை ஊதினார். ஷேக் அலாவுதீன் கொட்டையைத் துப்பிவிட்டு, இன்னொரு பழத்துக்குக் கை நீட்டினான்.