படிக்கட்டுச் சுவரில் வெள்ளைப் பட்டைகள்

பழைய கட்டடங்களை எல்லோருக்கும் திறந்துவிடும் செப்டம்பர் ஞாயிறு. லைப்சிக்கின் சந்தைச் சதுக்கத்தை விட்டுவிட்டு, டிராம் ஏறிக் கிழக்குப் பக்கம் வந்த கூட்டம் என் தம்பி ஃபோல்க்மாரின் வீட்டில் நிறைந்திருந்தது. பியானோ செய்து பணம் பார்த்த ஒருவர் நூற்று முப்பது வருடங்களுக்கு முன் கட்டிய நான்கு மாடி வீடு. படிக்கட்டு நெடுக வண்ணக் கண்ணாடி, மூன்றாம் மாடிக் கூரையில் கையால் தீட்டிய மேகங்கள். வாத்தியார் சம்பளத்தில் தன் பாதி ஆயுளைக் கொட்டி அவன் மீட்டெடுத்தது.

நான் கட்டடப் பொறியாளர். பக்கத்து மனையில் நிலத்தடிக் கார் நிறுத்தத்துக்குக் குழி தோண்டியதும் படிக்கட்டுச் சுவர் விரிசல் விட்டது. வசந்தத்தில் நான்தான் வந்து விரிசலின் குறுக்கே ஜிப்சம் பட்டைகள் பூசி, மேலே தேதி எழுதினேன். சுவர் அசைந்தால் பட்டை உடையும். உடைந்தால் கூப்பிடு என்றேன். அழைப்பே வரவில்லை.

படியேறும்போது பார்த்தேன். எல்லாப் பட்டைகளும் முழுசாக இருந்தன. நிம்மதியோடு ஒன்றைத் தொட்டேன். ஈரம்.

"தொடாதீங்க, நேத்துதான் பூசினேன்" என்றார் முதல் மாடியில் குடியிருக்கும் லிண்ட்னர் அம்மா.

"நீங்களா?"

"இந்த வாரம் படி கூட்டுறது என் முறை. போன வாரம் கீழ் வீட்டு ஹெரால்டு பூசினது கோணல்மாணல். என்னோடது எவ்ளோ நேரா இருக்கு பாருங்க."

"பழசு?"

"உடைஞ்சுது. அதை அப்படியே அசிங்கமா விடுவாங்களா? முறை வர்றவங்க புதுசு போட்டுத் தேதியும் மாத்திடணும்னு குடியிருக்கிறவங்க எல்லாம் பேசி வெச்சிருக்கோம். உங்க தம்பியைத் தொந்தரவு பண்றதில்ல."

"எத்தனை தடவை உடைஞ்சுது?"

"வாரா வாரம்தான். இந்த வாரம் ரெண்டு தடவை."

மேலே நாற்பது பேராவது மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபோல்க்மாரை ஜன்னலோரம் இழுத்துச் சொன்னேன்.

"எல்லாரையும் இறக்கணும்டா. தீயணைப்புக்குப் போன் போடப் போறேன்."

"போட்டா சீல் வெச்சுடுவாங்க. குழி தோண்டுறவன் அதுக்குத்தான் காத்திருக்கான். சீல் வெச்ச வீடு இந்தத் தெருவுல ஒண்ணாவது திரும்பத் திறந்திருக்கா?"

"மேல இருக்கறவங்க?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாயந்திரம் வரைக்கும் பொறு, குட்ரூன்."

அவன் வாய் மூடுவதற்குள் வண்ணக் கண்ணாடியில் ஒரு கோடு மெல்ல ஓடியது. யாரும் அதன் பக்கத்தில்கூட இல்லை. அவனும் பார்த்தான்.

"சரி, போன் போடு. ஆனா ஓடச் சொல்லாதே. படி தாங்காது" என்றவன், மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். "பிளம் கேக்கும் காபியும் தெருவுல. முதல்ல வர்றவங்களுக்குத்தான்."

நான் போனில் முகவரி சொன்னபடியே, திருப்பத்தில் நின்று நாலைந்து பேராக இறக்கினேன்.

"கேக்குக்கும் வரிசையா?" என்றார் ஒருவர்.

"நம்ம ஊர்ல எதுக்கு இல்ல?" என்றாள் அவர் மனைவி.

எல்லோரும் வெளியே வந்தோம். யாராவது அறைகளில் தங்கிவிட்டார்களா என்று பார்க்க ஃபோல்க்மார் மட்டும் திரும்பினான். தடுத்தேன். "என் வீட்டுக்கு வந்தவங்க" என்று கையை உதறிவிட்டுப் போனான்.

"யாரும் இல்ல, வர்றேன்" என்று அவன் குரல் கீழ்ப்படியில் கேட்டது. அதே நேரம் மாவு மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம். வாசல் கதவு தானே மூடிக்கொண்டது. பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தேன்.

"தள்ளாதே, குட்ரூன்." கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில் அவன் குரல். "சுவர் கதவு மேல உக்காந்திருக்கு."

கையை எடுத்தேன்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கடா."

"சரி."

சைரன் எங்கேயும் கேட்கவில்லை. உள்ளே படிகள் ஒவ்வொன்றாக முறியும் ஓசை மட்டும், மேல் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது.