நூறு கிலோ பிளக்ஸ்

உடையார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் என் படத்தைப் போட்டு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. "பெஞ்ச் பிரஸ்ஸில் நூறு கிலோ தூக்கிய எங்கள் குலச் சிங்கமே!" என்ற வரிக்குக் கீழே, என் படத்துக்குப் பக்கத்தில், என் மகன் பிரசாத் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். வைத்தவன் என் தம்பி மகன் தமிழரசன்; அடியில் அவன் பேரும் இருந்தது.

காலையிலேயே பெரம்பலூரிலிருந்து சம்பந்தி போனில் வாழ்த்தினார். எனக்கும் பெருமைதான். பிரசாத் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தூக்கிய வீடியோவைக் காட்டச் சொல்லி மருமகள் கவிதாவிடம் கேட்டேன். அவளும் அதே ஜிம்முக்குப் போகிறவள். தயங்கினாள்.

"என்னம்மா?"

"இது கணக்குல வராதுங்க மாமா. இடுப்பு பெஞ்சை வுட்டு எழும்பிடுச்சு. கம்பியை நெஞ்சுல மோதி எகிற வுட்டிருக்காரு. தலைமாட்டுல நிக்கிறவரு கையையும் பாருங்க."

தலைமாட்டில் நின்றவன் தமிழரசன்.

என் முகத்தைப் போட்டு ஊருக்கே பொய் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலையே ஜெயங்கொண்டம் ஜிம்முக்குப் போய் நின்றேன்.

"சும்மா கம்பிக்குக் கீழ கை வச்சிருந்தேன் பெரியப்பா. ஒரு பாதுகாப்புக்கு."

"சும்மா வச்ச கையில நரம்பு ஏன்டா பொடைச்சிருக்கு?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரசாத் தலை குனிந்துகொண்டான்.

"இப்ப தூக்கு. எவனும் தொடக்கூடாது. இல்லன்னா அந்த பிளக்ஸை நானே கிழிப்பேன்."

நூறு கிலோவோடு கம்பி இறங்கியது. நெஞ்சில் உட்கார்ந்தது. எழும்பவில்லை. பிரசாத்தின் முகம் கறுத்தது. "தூக்குடா தமிழரசா!" என்று கத்தியதும் நான்தான். என்ன பிழைப்பு இது!

மூச்சு வாங்கிய பிறகு பிரசாத்தே எடைத் தட்டுகளைக் குறைத்தான். எண்பது. பாதங்களைத் தரையில் ஊன்றினான், தோள்களைப் பின்னுக்கு இழுத்துப் பெஞ்சில் அழுத்திக்கொண்டான். கம்பி மெதுவாக இறங்கி, நெஞ்சைத் தொட்டு நின்றது. ஒரு மூச்சு. பிறகு ஏறியது. கை முழுதாக நீண்டது. இடுப்பு அசையவில்லை. தமிழரசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் அதையும் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் சம்பந்திக்கு நானே போன் போட்டு எண்பது என்றேன். பிறகு பஸ் நிறுத்தத்தில், 'நூறு' மேல் 'எண்பது' என்று எழுதிய தாளைத் தமிழரசனை ஏணி ஏறி ஒட்டச் சொன்னேன்.

"எண்பதுக்கெல்லாம் யாராச்சும் பிளக்ஸ் வைப்பாங்களா பெரியப்பா? வெக்கமா இருக்கு."

"வெக்கமா இருந்தா உன் பேரு மேல ஒரு தாளை ஒட்டிக்க. என் படம் அப்படியே இருக்கட்டும்."